எட்டுக் குறியீட்டுப் பெயர்களும் நின்றுபோன பால் கணக்கும்: ஒரு நினைவகப் பிழையின் ஆய்வு

தாராபுரம் வட்டாரத்தில் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில், எடை மேடையிலிருந்து பாலின் அளவையும் பரிசோதனைக் கருவியிலிருந்து கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பல்லாத திடப்பொருள்) ஆகியவற்றையும் வாங்கி, உறுப்பினரின் பெயரோடு ரசீது அடிக்கும் நிரல் ஒன்று சி மொழியில் எழுதப்பட்டு, 64 பிட் லினக்ஸ் கணினியில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. சில நாட்களில், ரசீதுகள் எல்லாம் ஒழுங்காக அடித்து முடிந்த பின், அந்த வேளையின் கணக்கை மூடும் நேரத்தில் நிரல் நின்றுவிடும். அபார்ட் முறையில், அதாவது பிழை கண்டு பாதியில் கைவிட்டு நிற்கும் நிரல், பஃபரில் (எழுதுமுன் வரிகள் தங்கும் தற்காலிக நினைவகத்தில்) காத்திருக்கும் வரிகளைக் கோப்பில் எழுதிவிட்டுத்தான் போகும் என்ற உறுதி கிடையாது. ஆகவே கடைசியாகப் பால் ஊற்றிய சிலரின் வரிகள் கணக்கில் ஏறாமலே போயின. அவர்கள் கையில் ரசீது இருந்தது, பட்டுவாடாப் பட்டியலில் தொகை இல்லை.

நிரலை எழுதிய நிறுவனம் இதை ஒருமுறை சரிசெய்து கொடுத்திருந்தது. நின்ற இடம் ஃப்ரீ என்ற அழைப்பு என்று தெரிந்ததும், அந்த வரியைக் கணினி ஓட்டாத வெறும் குறிப்புரையாக்கி விட்டிருந்தார்கள். நிற்பது சில வாரம் குறைந்தது. பிறகு வேறொரு இடத்தில் நிற்கத் தொடங்கியது. ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பித் தரும் வரியை எடுத்துவிடுவது மருந்தாகாது. அது தடயத்தை அழிக்கும் வேலை என்பதே என் கருத்து. இந்த நிகழ்வில் பிழையைத் தேட ஆன காலத்தில் கணிசமான பங்கு அந்த ஒரு வரியால் கூடியது. ஆய்வு எங்களிடம் வந்தபோது முதலில் செய்த வேலை, அந்த வரியை மீண்டும் உயிர்ப்பித்ததுதான்.

செயலர் சொன்னது

கருவிகளைத் தொடுவதற்கு முன் சொசைட்டிச் செயலரிடம் நேரில் பேசினோம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஏனுங்க, எங்கூர்ல பாதிக்கு மேல சாமி பேருதானுங்க. ஆனா பழனிசாமி, கந்தசாமி, துரைசாமி, வேலுசாமி, இந்த நாலு பேர்ல ஆராச்சும் வந்து பால் ஊத்துன நேரந்தான் முடிக்கறப்போ மெசின் நின்னுக்குதுங்க. ராமசாமி வந்தா ஒண்ணும் ஆகறதில்லீங்க, சின்னசாமி, கருப்பசாமி வந்தாலும் ஆகறதில்லீங்க." மேலும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து, பழனிசாமி என்பதைக் க.பழனிசாமி என்று மாற்றியதும் அந்தப் பெயரால் தொல்லை நின்றுவிட்டது என்றும், அதைக் கண்டு எல்லாப் பெயர்களுக்கும் முதலெழுத்துச் சேர்த்தபோது, அதுவரை ஒழுங்காக இருந்த நாச்சிமுத்து என்ற பெயர் ப.நாச்சிமுத்து ஆனவுடன் தொல்லை கொடுத்தது என்றும், புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டதும் அதுவும் சரியாயிற்று என்றும் சொன்னார்.

நிறுவனத்தில் இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பெயரைப் பார்த்து நிரல் நிற்குமா என்ற கேள்வி இயல்பானதுதான். ஆனால் செயலர் தந்தது, பிழையின் எல்லையையே வரைந்து காட்டும் துல்லியமான கவனிப்பு. ஒருங்குறியில் (யுனிகோடு) தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் கொள்ளும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கும் தனியே ஒன்று. பழனிசாமி என்ற பெயரைப் பிரித்தால் ப, ழ, ன, இகரக்குறி, ச, ஆகாரக்குறி, ம, இகரக்குறி என 8 குறியீடுகள், ஆக 24 பைட். கந்தசாமி, துரைசாமி, வேலுசாமி ஆகிய மூன்றும் அதே 24 பைட். ராமசாமி 21, சின்னசாமி 27, கருப்பசாமி 30. முதலெழுத்தும் புள்ளியும் சேர்ந்த க.பழனிசாமி 28. நாச்சிமுத்து தனியே 36, ப.நாச்சிமுத்து 40, இடைவெளியோடு 41. நிரல் நிற்பது 24, 40 என்ற இரண்டு நீளங்களில் மட்டும்.

லினக்ஸில் பரவலாக உள்ள ஜி-லிப்சி என்ற சி மொழி நூலகத்தின் மெலாக்கை (நினைவகம் ஒதுக்கித் தரும் துணை நிரலை) அறிந்தவருக்கு இந்த இரண்டு எண்களும் உடனே கண்ணில் படும். 64 பிட் கணினியில் அது நினைவகத்தை 16 பைட்டின் மடங்குகளாகத் துண்டு போடுகிறது. துண்டின் முகப்பில் அதன் அளவைக் குறிக்க 8 பைட் வைத்துக்கொள்கிறது. அதனால் கேட்பவர் கையாளக்கூடிய இடம் 24, 40, 56, 72 என்ற படிகளில் அமைகிறது. 21 பைட் கேட்டாலும் 24 கிடைக்கும், 28 கேட்டாலும் 40 கிடைக்கும். கேட்டதற்கு மேல் ஒரே ஒரு பைட்டை நிரல் எழுதினால், பெரும்பாலான நீளங்களில் அது யாருக்கும் சொந்தமில்லாத மிச்ச இடத்தில் விழுந்து தெரியாமலே போகும். மிச்சமே இல்லாத 24, 40, 56 போன்ற நீளங்களில் மட்டும் அந்தப் பைட் அடுத்த துண்டின் அளவைக் குறிக்கும் இடத்தில் போய் உட்காரும். 24க்கு மேல் அடுத்தடுத்த 16 நீளங்களை எடுத்தால் அவற்றில் ஒன்றுதான் இப்படி வெளிப்படும்.

முதல் தடயம் காட்டிய இடம்

நின்ற நேரத்தின் கோர் கோப்பை (அந்தக் கணத்து நினைவகத்தின் நகலை) பிழை தேடும் கருவியான ஜிடிபியில் திறந்தபோது, எது எதை அழைத்தது என்று காட்டும் அழைப்பு வரிசை, பட்டியலை விடுவிக்கும் செயற்கூறில் (துணை நிரலில்) ஃப்ரீ, அங்கிருந்து அபார்ட் என்று இருந்தது. திரையில் வந்த செய்தி, ஃப்ரீ அழைப்புக்குத் தரப்பட்ட சுட்டி (நினைவக முகவரி) செல்லாது என்பது. ஆனால் சுட்டியின் மதிப்பு மெலாக் கொடுத்த அதே மதிப்புதான். அதற்கு 8 பைட் முன்னால், துண்டின் அளவு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தோம். 88 பைட் கேட்ட ரசீதுப் பதிவுக்குத் துண்டின் அளவு 96. முந்தைய துண்டு பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லும் ஒரு பிட் சேர்ந்து அங்கே 97 என்ற எண் இருக்க வேண்டும். இருந்ததோ 0.

இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். ஜிடிபி காட்டியது நிரல் விழுந்த இடம். 97ஐ 0 ஆக்கிய எழுதல், அன்றைக்கு பால் ஊற்றத் தொடங்கிய நேரத்திலேயே, முற்றிலும் வேறொரு செயற்கூறில் நடந்து முடிந்துவிட்டது. விழுந்த செயற்கூறை எத்தனை முறை படித்தாலும் அதில் குற்றம் கிடைக்காது, ஏனென்றால் அது குற்றமற்றது. எழுதப்படும் அந்தக் கணத்திலேயே நிறுத்திக் காட்டும் கருவி வேண்டும்.

ஜூலியன் சீவார்ட் 2002இல் வெளியிட்ட வால்கிரைண்டின் மெம்செக் அத்தகைய கருவி. அது நிரலின் ஒவ்வொரு நினைவக அணுகலையும் தன் வழியாக ஓடவிட்டு, ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு கேள்விகளுக்கான விடையைத் தனியே வைத்துக்கொள்கிறது: இந்த இடத்தைத் தொட நிரலுக்கு உரிமை உண்டா, இங்குள்ள மதிப்பு ஒருமுறையேனும் எழுதப்பட்டதா. மெலாக்கையும் தன்னுடையதால் மாற்றி, ஒவ்வொரு தொகுதியின் இருபுறமும் காவல் இடம் விடுகிறது. மிச்ச இடம் என்ற சலுகை அங்கே கிடையாது. ஆகவே பழனிசாமிக்காகக் காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. பட்டியலில் முதலில் வந்த கருப்பசாமி என்ற பெயருக்கே அறிக்கை வந்துவிட்டது: 1 பைட் அளவில் தவறான எழுதல், இடம், 30 பைட் தொகுதி முடிந்து 0 பைட்டுக்கு அப்பால். கீழே இரண்டு அழைப்பு வரிசைகள், எழுதியது எங்கே என்று ஒன்று, அந்தத் தொகுதியை ஒதுக்கியது எங்கே என்று மற்றொன்று. இரண்டாவது வரிசையைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் அனுபவம். எல்லை மீறும் பிழைகளில் பெரும்பாலும் எழுதியவன் சரியாகத்தான் எழுதியிருப்பான், இடம் கேட்டவன் குறைவாகக் கேட்டிருப்பான்.

இங்கும் அதுவேதான். பெயரின் நீளத்தை ஸ்ட்ரெலென் கொண்டு அளந்து, அதே எண்ணை மெலாக்கிடம் கொடுத்து, அடுத்து ரசீதுப் பதிவுக்கு இடம் கேட்டு, அதன் பிறகு ஸ்ட்ரிங் காப்பி செய்திருந்தார்கள். சரத்தின் முடிவைக் காட்டும் 0 பைட்டான முடிவுச் சுழியை ஸ்ட்ரெலென் எண்ணாது; காப்பி அதையும் சேர்த்து எழுதும். அந்த ஒற்றைச் சுழியே 97ஐ 0 ஆக்கியது. பெயருக்கும் பதிவுக்கும் அடுத்தடுத்து இடம் கேட்டதால் அவை பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளாக அமைந்தன. முன்பே விடுவிக்கப்பட்ட துண்டுகள் மறுபயனுக்கு வரும்போது அந்த அண்டை மாறும், அதனால் நால்வரில் ஒருவர் வந்தும் நிற்காத வேளைகள் சில இருந்தன.

இத்தனை ஆண்டு இது ஏன் வெளிவரவில்லை என்பதற்கும் விடை நீளத்தில்தான் இருக்கிறது. முன்பு உறுப்பினர் பட்டியல் ஒரு குறிக்கு ஒரு பைட் கொள்ளும் பழைய எழுத்துரு முறையில் இருந்தது. அதில் பழனிசாமி 10 பைட்டைக்கூடத் தொடாது. 23 பைட் வரை எந்தப் பெயரும் 24 பைட் இடத்துக்குள் சுழியோடு அடங்கிவிடும். பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றியதும் நீளங்கள் மும்மடங்கை நெருங்கின, கொங்கு நாட்டின் மிகச் சாதாரணமான பெயர்கள் சரியாக எல்லைக்கோட்டில் வந்து நின்றன. நிறுவனத்தின் சோதனைப் பட்டியலில் இருந்ததோ ஆங்கில எழுத்தில் அடித்த குறும்பெயர்கள். ஊர்ப் பட்டியலையே வைத்துச் சோதித்திருந்தால், எந்தக் கருவியும் இல்லாமலே இது அலுவலகத்தில் நின்றிருக்கும். மெம்செக்கின் கீழ் ஓட்டியிருந்தால் அந்தக் குறும்பெயர்களே போதுமாயிருந்திருக்கும்.

மெதுவாக ஓடியதால் கிடைத்த இன்னொன்று

மெம்செக்கில் நிரல் 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். பரிசோதனைக் கருவியை மேசைமேல் வைத்து, சீரியல் கம்பியை மாட்டி ஓட்டியபோது, கருவி அனுப்பும் வரியை நிரலால் சில நேரம் முழுதாக வாங்க முடியவில்லை. அப்போது வேறு வகை அறிக்கை வந்தது: எழுதப்படாத மதிப்பைக் கொண்டு நிபந்தனை முடிவெடுக்கப்படுகிறது என்று. மூலத்தைப் பின்தொடரும் தேர்வை இயக்கி மீண்டும் ஓட்டியதும், அந்த மதிப்பு அளவீட்டை வாங்கும் செயற்கூறின் ஸ்டாக்கில் (அது ஓடும்வரை மட்டும் அதற்குத் தரப்படும் தற்காலிக நினைவகத்தில்) பிறந்தது என்று காட்டியது.

கருவி மெதுவாக்கியதால் வந்த செயற்கைத் தொல்லை இது, விட்டுவிடலாம் என்று அங்கே ஒரு கருத்து எழுந்தது. நான் அதை ஏற்கவில்லை. சொசைட்டியில் பால் குளிரூட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கும்போது கம்பியில் இரைச்சல் ஏறி வரி அறுபடுவது நடக்கக்கூடியதே. வரி அறுபட்டால் நிரல் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. கொழுப்பு, எஸ்.என்.எஃப் என இரண்டு உள்ளூர் மாறிகள். அவற்றின் முகவரிகளை, வரியிலிருந்து எண்களைப் படித்தெடுக்கும் எஸ்ஸ்கேன்எஃப் செயற்கூறுக்குத் தந்து, அது எத்தனை மதிப்பைப் படித்தது என்று திருப்பிச் சொல்வதைக் கேட்காமலே அடுத்த வரிக்குப் போயிருந்தார்கள். படிக்க முடியாதபோது அந்த மாறிகளில் இருப்பது ஸ்டாக்கின் அதே இடத்தில் முந்தைய அழைப்பு விட்டுச்சென்ற எண். அதாவது, எருமைப்பால் ஊற்றியவரின் கொழுப்பு அடுத்து நின்ற பசும்பால்காரரின் ரசீதில் ஏறலாம், மாறியும் நடக்கலாம். லிட்டருக்கு விலை போடுவதே இந்த இரண்டு எண்ணை வைத்துத்தான். நிரல் நிற்பதைவிட இதை நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன், ஏனென்றால் நின்றால் எல்லோருக்கும் தெரிகிறது. இது ஒழுங்கான ரசீதாக, நம்பத்தகுந்த எண்ணாக வெளியே போகிறது, விடியற்காலையில் கேனோடு வரிசையில் நிற்பவர் அதைக் கேள்வி கேட்க வழியே இல்லை.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் எச்சரிக்கைகளில் இது வரவில்லை. மாறியின் முகவரி வேறொரு செயற்கூறுக்குப் போய்விட்டால், அது அங்கே மதிப்புப் பெற்றிருக்கும் என்று கம்பைலர் கொள்கிறது. மெம்செக் கண்டுபிடித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. செயற்கூறு அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கப்படும் ஸ்டாக் இடத்தை அது எழுதப்படாததாகக் குறித்துக்கொள்கிறது, பழைய எண் அங்கே கிடந்தாலும். அந்த மாறிகள் உலகளாவியவையாக (நிரல் முழுவதற்கும் பொதுவாக) அறிவிக்கப்பட்டிருந்தால், முந்தையவரின் மதிப்பு முறையாக எழுதப்பட்ட மதிப்பாகவே எண்ணப்பட்டு, மெம்செக்கும் மௌனமாக இருந்திருக்கும்.

இதே நிரலை அட்ரஸ் சானிடைசருடனும் கம்பைல் செய்து ஓட்டினோம். கூகுளில் கான்ஸ்டன்டின் செரெப்ரியானியும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 2012இல் கட்டுரையாக வெளியிட்ட கருவி அது. அவர்கள் அளவீட்டில் சராசரி வேகக் குறைவு 73 விழுக்காடு மட்டுமே, அதனால் சீரியல் வரிகள் அறுபடவில்லை. நிரலின் 8 பைட்டுக்கு ஒரு நிழல் பைட் என்று அது கணக்கு வைக்கிறது. கருப்பசாமிக்கு ஒதுக்கிய 30 பைட்டுக்கு நிழல் வரிசை 00 00 00 06 என்று இருந்தது: மூன்று எட்டுகள் முழுதும் தொடலாம், நான்காவதில் 6 மட்டும். காப்பி 31ஆவது பைட்டைத் தொட்டதும் அங்கேயே நிறுத்திவிட்டது. வேகம், ஸ்டாக்கிலும் உலகளாவிய வரிசைகளிலும் எல்லை மீறலைக் காண்பது ஆகியவற்றில் இது மெம்செக்கைவிட மேல். ஆனால் எழுதப்படாத மதிப்பைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. வேகமானது என்பதற்காக இதை மட்டும் ஓட்டியிருந்தால் ரசீதில் எண் மாறும் பிழை இன்னும் அங்கேயே இருந்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. தனித்தனியே கம்பைல் செய்து தனித்தனியே ஓட்ட வேண்டும்.

இரண்டு கருவியும் காட்டாத பிழை ஒன்றும் இருந்தது. ரசீதுப் பதிவின் ஸ்ட்ரக்சரில் (பல புலங்களை ஒன்றாகக் கட்டிய அமைப்பில்) பெயருக்கு 32 பைட் புலம். அதில் ஸ்ட்ரிங்-என் காப்பி மூலம் 32 பைட் நகலெடுத்திருந்தார்கள். பெயர் 32 பைட்டோ அதற்கு மேலோ இருந்தால் முடிவுச் சுழி விழாது. அச்சிடும் செயற்கூறு அடுத்த புலத்துக்குள் நடந்து, அங்குள்ள உறுப்பினர் எண்ணையும் பெயரோடு ஒட்டி அடிக்கும். தமிழில் இன்னொரு சேதமும் உண்டு. 32 என்பது 3இன் மடங்கல்ல, ப.நாச்சிமுத்து என்ற பெயர் 32ஆவது பைட்டில் அறுபடும்போது, த என்ற எழுத்துக்கு அடுத்த புள்ளியின் முதல் பைட் மட்டும் மிஞ்சி, ரசீதில் ப.நாச்சிமுத என்றும் அதன்பின் ஒரு கட்டமும் எண்ணுமாக வரும். இது எழுத்துருக் கோளாறு என்றே சொசைட்டியில் நினைத்திருந்தார்கள். ஸ்ட்ரக்சரின் ஒரு புலத்திலிருந்து அடுத்த புலத்துக்குப் போவது, இந்தக் கருவிகளைப் பொறுத்தவரை, ஒரே தொகுதிக்குள் நடக்கும் முறையான அணுகல். நிரலை வரிவரியாகப் படித்தும், பழைய ரசீதுகளைக் கையில் வைத்துப் பார்த்தும்தான் இது பிடிபட்டது.

திருத்தமும் மிஞ்சியவையும்

திருத்தங்கள் சிறியவை. பெயருக்கு இடம் கேட்டு நகலெடுத்த மூன்று வரிகளுக்குப் பதில் ஸ்ட்ரிங் டூப் என்ற ஒரே அழைப்பு. ரசீதுப் பதிவில் 32 பைட் புலம் நீக்கப்பட்டு, பெயர் சுட்டியாகவே வைக்கப்பட்டது. எஸ்ஸ்கேன்எஃப் 2 என்று திருப்பிச் சொல்லாவிட்டால் ரசீது அடிக்கப்படாது. மாதிரியை மீண்டும் வைக்கும்படி திரை கேட்கும். விடுவிக்கும் வரியைத் திரும்பச் சேர்த்த பின் விடுவிக்காமல் விட்ட நினைவகத்தைத் தேடும், அட்ரஸ் சானிடைசரோடு வரும் கசிவு ஆய்வு, வெளியேறும் நேரத்தில் எதையும் சொல்லவில்லை. சோதனைப் பட்டியலில் இப்போது 1 முதல் 80 பைட் வரை ஒவ்வொரு நீளத்துக்கும் தமிழ்ப் பெயர் ஒன்றோ, தமிழும் புள்ளியும் இடைவெளியும் கலந்து நீளம் சரிசெய்த சரம் ஒன்றோ இருக்கிறது. நிறுவனம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அதை மெம்செக்கின் கீழும் ஓட்டுகிறது. சீரியல் வரியை நடுவில் அறுத்து அனுப்பும் சிறு நிரல் ஒன்றையும் அந்தச் சோதனையோடு சேர்த்தோம்.

பழைய ரசீதுகளின் நிலைதான் கடினமாக இருந்தது. அடுத்தடுத்த இரு உறுப்பினருக்குக் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் ஒரே மதிப்பாகப் பதிவான வரிகளைச் சேமித்த கணக்கிலிருந்து பிரித்தெடுத்தோம். அவற்றில் சில இயல்பாகவே ஒத்துப்போனவையாக இருக்கக்கூடும். ஒரு மதிப்பு மட்டும் பழையதாகத் தங்கிய வரிகள் இந்தச் சல்லடையில் சிக்காமலும் போயிருக்கக்கூடும். கருவி அனுப்பிய மூல வரிகள் சேமிக்கப்படவே இல்லை என்பதால் இதற்கு மேல் பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்தப் பட்டியல் சொசைட்டியின் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் ஒப்படைக்கப்பட்டது. இருவர் ஊற்றும் பாலும் ஏறத்தாழ ஒரே தரம் என்று குழுவே உறுதிசெய்த வரிகள் நீங்கலாக, மற்றவற்றுக்கு அந்தந்த உறுப்பினரின் முந்தைய, பிந்தைய வேளைகளின் சராசரியைக் கொண்டு வித்தியாசத்தை வழங்கக் குழு முடிவெடுத்தது. கருவியிலிருந்து வரும் ஒவ்வொரு வரியும், அறுபட்டதாக இருந்தாலும், வந்த நேரத்தோடும் ரசீது எண்ணோடும் இப்போது தனிக் கோப்பில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு வரிக்கும் பின் பஃபர் காலிசெய்யப்பட்டு, வரியை வட்டில் எழுதவைக்கும் எஃப்சிங்க் அழைக்கப்படுகிறது.